முப்பத்தேழாம் பக்கத்துக்கு நான் ஆட்டிய தலை

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார வீடியோ கலைஞர்கள் சங்கத் தலைவர் தங்கப்பாண்டி அவர்களே, சங்க நிர்வாகிகளே, தன் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை ஸ்யாமளா அவர்களே, இன்றைக்குப் பெரிய முகூர்த்த நாளாக இருந்தும், ஒப்புக்கொண்ட கல்யாண வேலையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் பரவையிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளித் தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் பாண்டியம்மாளின் வணக்கம்.

எனக்கு முன்னும் பின்னும் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒளிப்பதிவாளர் அனந்தநாராயணன் அவர்களிடம் தொழில் கற்றவர்கள். நான் கேமராவைத் தோளில் வைத்தவள் இல்லை. சந்தையில் காய்கறிக் கடை போட்டிருப்பவள். ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷமே களையெடுக்கப் போனவள். இவளுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

அவர் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினாரே ஒரு கையேடு, கேமராவிலும் லென்ஸிலும் வருகிற சொற்களுக்கெல்லாம் தமிழில் விளக்கம், அதில் ஐம்பத்திரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. அந்த ஐம்பத்திரண்டும் நான் தலையாட்டிய பிறகு ஏறிய பக்கங்கள். நான் விளங்குது என்று சொல்லாத ஒரு பக்கம்கூட அதில் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் பேரன் பேத்திகளிடம் சொன்னேன், சந்தையில் எதிர்க் கடைக்காரியிடம் சொன்னேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமையால் ஒரு கெடுதல் நடந்துபோனது. இந்தக் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸில், வருகிற திங்கட்கிழமை கையேட்டை ஓர் எழுத்தும் மாறாமல் அச்சுக்குக் கொடுக்கப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்கும் அவருடைய வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவுக்கும் ஒரே சுவர். சந்தை முடிந்து பதினொரு மணிக்கு நான் வீடு வந்துவிட்டால் அதற்குப் பிறகு என்னிடம் பேச ஆள் கிடையாது. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். மகன் திருப்பூரில், மகள் ஓசூரில். ஒருநாள் மதியம் அனந்தநாராயணன் ஒரு தாளோடு வந்து நின்றார். கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொல்ல முடியுமா என்றார். எதற்கு என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

“நம்ம ஆளுங்களுக்குக் கை நன்னாத் தெரியும் அக்கா. இருபது வருஷம் கல்யாணம் எடுத்த கை. ஆனா வார்த்தை தெரியாது. புது கேமரா வாங்கினா அதுல எழுதியிருக்கிறது புரியாம ஆட்டோ மோடுல போட்டுட்டு விட்டுடறா. சிட்டியிலேர்ந்து ஒருத்தன் வந்து நாலு வார்த்தை பேசினா, கை தெரிஞ்சவன் வாய மூடிண்டு ஓரமா நிக்கறான். எனக்கு அது பொறுக்கல.”

எனக்கு எதற்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். கேமராவே தெரியாத ஒருவருக்கு விளங்கினால், கேமரா தெரிந்தவனுக்குக் கட்டாயம் விளங்கும் என்றார். எப்பேர்ப்பட்ட யோசனை. படித்தவர்கள் எழுதினால் படித்தவர்களிடம்தானே காட்டுவார்கள்? இவர் காய்க்கடைக்காரியிடம் காட்டினார்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரே ஒருதரம் வாசிப்பார். பிறகு தாளைக் கவிழ்த்துவிடுவார். “உங்க பாஷையில திருப்பிச் சொல்லுங்கோ” என்பார். என் பேச்சில் நான் சொல்லிவிட்டால் பக்கம் ஏறும். நான் முழித்தால், எதிரிலேயே இரண்டாகக் கிழிப்பார். கோபம் கிடையாது, சலிப்பு கிடையாது. தப்பு தாளின் பேரில்தானே தவிர என் பேரில் இல்லை என்று அந்தக் கிழிக்கிற சத்தமே எனக்குச் சொல்லும். அவர் கிழித்த தாள்களில் நான் பச்சை மிளகாய் மடித்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனையோ வீட்டு அடுப்படிக்கு அவருடைய எழுத்து அப்படிப் போயிருக்கிறது.

அப்பர்ச்சர் என்ற ஒரு சொல்லுக்கு ஒன்பது தாள் கிழிந்தது. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற வாசல் அது என்பது முதல் தாளிலேயே விளங்கிவிட்டது. அதற்குப் போட்டிருக்கிற எண்தான் விளங்கவில்லை. இரண்டு என்று போட்டால் பெரிய வாசலாம், பதினாறு என்று போட்டால் சின்ன வாசலாம். இதென்ன தலைகீழ்க் கணக்கு என்று நான் சண்டை பிடித்தேன். ஒன்பதாவது தாளும் கிழிந்த அன்றைக்கு, கடையில் மிஞ்சிய பூசணிக்காயைக் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். கத்தி கையில் இருக்கும்போதே எனக்குச் சட்டென்று பட்டது.

“தம்பி, ஒரு பூசணிக்காய ரெண்டாக் கீறுனா பெரிய துண்டு. அதையே பதினாறாக் கீறுனா சின்னத் துண்டு. எத்தனையா கீறுனோம்ங்கறதுதான் அந்த நம்பரா?”

அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். பத்தாவது தாளில் பூசணிக்காய்தான் இருக்கிறது. உங்களில் பலருடைய வீட்டில் அந்த ஜெராக்ஸ் இருக்கும். எத்தனை பேர் வந்து என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள், ‘பூசணிக்காய்க்கு அப்புறம் எனக்குக் குழப்பமே வரல அப்பத்தா’ என்று.

ஒயிட் பேலன்ஸுக்கு இரண்டே தாள். சில இடத்தில் தக்காளிக் கடைக்கு மேலே சிவப்புத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே வெம்பல்கூடப் பழமாகத் தெரியும். நான் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்து பார்த்துத்தான் வாங்குவேன். மண்டபத்து மஞ்சள் விளக்கில் மாப்பிள்ளையின் வேட்டி மஞ்சளாகத் தெரியும்போது, கேமராவிடம் ‘இதுதான் வெள்ளை’ என்று எடுத்துச் சொல்வதும் அந்த மாதிரிதான் என்றார். கெயினுக்கு ரேடியோவைச் சொன்னார். தூரத்து நிலையம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடும், இருட்டில் கெயினைக் கூட்டினால் படத்தில் பொரிப் பொரியாக வருவது அந்த இரைச்சல்தான். டிஜிட்டல் ஜூம் நான் சொன்னது. மாவில் தண்ணீரை ஊற்றித் தோசை எண்ணிக்கையைக் கூட்டுகிற வேலை அது. ஸ்யாமளா சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

லென்ஸின் நீளத்துக்கு மட்டும் உவமையே அமையவில்லை. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்யாமளாவையும் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வேனில் கூட்டிப்போனார். ஒரே படியில் என்னை நிற்க வைத்தார். இருபத்துநாலு லென்ஸைப் போட்டுக் காட்டினார். குளம் முழுக்கத் தெரிந்தது, நடு மண்டபம் கடுகுபோல இருந்தது. நின்ற இடம் மாறாமல் இருநூறு லென்ஸைப் போட்டார். மண்டபத்துத் தூணில் உட்கார்ந்திருந்த புறாவின் கழுத்து தெரிந்தது. சின்ன எண் என்றால் அகலம், பெரிய எண் என்றால் நெருக்கம். ஒரு சொல்லுக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு காய்க்கடைக்காரியை அழைத்துப்போய்ப் படியில் நிறுத்திக் காட்டுகிற ஆளை நீங்கள் வேறு எங்காவது பார்த்ததுண்டா?

இனி முப்பத்தேழாம் பக்கத்துக்கு வருகிறேன்.

அதை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறார்கள். முன்னால் நிற்பவர் தெளிவாகவும் பின்னால் நிற்பவர் கலங்கியும் தெரிகிறாரே, அந்த விவகாரம். அதற்கு ஆறு தாள் கிழிந்துவிட்டது. ஏழாவது தாளோடு அவர் வந்தது போன சித்திரை மாதக் கடைசி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி முத்துமீனா பக்கத்தில் இருந்தாள். என் அப்பத்தாவுக்குக் கேமரா அத்தனையும் அத்துப்படி என்று தன் தோழிகளிடம் பீற்றிக்கொள்கிற பிள்ளை. அன்றைக்கு நான் பாடம் சொல்வதைத் தோழிகளுக்குக் காட்ட வேண்டும் என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அனந்தநாராயணன் வாசித்தார். எண் குறைந்தால் துளை பெருகும். துளை பெருகினால் தெளிவின் ஆழம் குறையும். தூரம் குறைந்தாலும் ஆழம் குறையும். லென்ஸின் நீளம் கூடினாலும் ஆழம் குறையும். இவ்வளவுதான் பக்கம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் ஒருதரத்தில் மனசில் நின்றுவிடும். தாளைக் கவிழ்த்தார். நான் அந்த நாலு வரியையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பேத்தி செல்போனுக்குப் பின்னாலிருந்து பல் தெரியச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. “இது என் பாஷை அக்கா. உங்க பாஷையில சொல்லுங்கோ” என்றார்.

நான் சொன்னேன். “இதுக்கு மேல என்னத்தத் தம்பி சொல்ல? இம்புட்டுத் தெளிவா எழுதிட்டு. நல்லா வெளங்குது.”

சொல்லித் தலையாட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறு வருஷமாக விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லி வந்தவள் நான். என்னைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பக்கம் ஏறியது. ஜெராக்ஸ் எடுத்து உங்களுக்கெல்லாம் கொடுத்தார்.

ஆனி மாதம் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். எடுத்தவர் வாடிப்பட்டி அருண்பாண்டி. அனந்தநாராயணனிடம் எட்டு வருஷம் இருந்து, பிறகு சொந்தமாக ஸ்டுடியோ போட்டவர். அந்தக் கல்யாணத்துக்குப் பெண்ணின் தாய்மாமன் பதினோரு வருஷம் கழித்துக் கத்தாரிலிருந்து வந்திருந்தார். நாலே நாள் விடுப்பு. சீர்த் தட்டோடு வந்து, பெண்ணுக்கு மாலை போட்டு, தாலி ஏறுகிற நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். நம் பக்கத்தில் தாய்மாமன் நிற்காத மணவறை உண்டா? அருண்பாண்டி புது லென்ஸ் வைத்திருந்தார். முன்னால் இருக்கிற பெண்ணும் பின்னால் நிற்கிற மாமனும் சேர்ந்து தெளிவாக வர வேண்டும் என்று முப்பத்தேழாம் பக்கத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் குறையும் குறையும் என்று எழுதியிருந்ததில் எதைக் குறைத்தால் எது குறையும் என்பது அவருக்குத் தலைகீழாகப் போய்விட்டது. வாசலை முழுசாகத் திறந்து வைத்துவிட்டார். பெண்ணின் ஜிமிக்கி எண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல வந்திருந்தது. மாமன் இருந்த இடத்தில் ஒரு புகை.

அந்த அம்மா, பெண்ணைப் பெற்றவள், வீடியோவைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாளாம். என் உடன்பிறந்தான் வந்தானா, வரலையா?

பிரச்சினை சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து அனந்தநாராயணனிடம் வந்தது. அருண்பாண்டியை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைப் படித்தாயா என்று கேட்டார். படித்தேன் என்றார் அருண்பாண்டி. பிறகு தயங்கித் தயங்கி, “நாலஞ்சு தரம் படிச்சேன் சார். அந்தப் பக்கம் மட்டும் வெளங்கல” என்றார்.

அதற்கு அனந்தநாராயணன் சொன்னது இது.

“அஞ்சாங்கிளாஸ் படிச்ச அக்காவுக்கு ஒரே தரத்துல வெளங்கித்து. எட்டு வருஷம் எங்கிட்ட இருந்த உனக்கு வெளங்கலையா?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அருண்பாண்டியும் பார்த்தார். முப்பத்துநாலு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அந்த முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்து, எனக்கும் விளங்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பக்கம் அங்கேயே கிழிந்திருக்கும். நான் குனிந்து மொச்சையை உரித்தேன்.

அருண்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். ஐந்து மாதம் ஸ்டுடியோப் பக்கம் வரவில்லை. அனந்தநாராயணனும் கூப்பிடவில்லை. ஆனால் வாடிப்பட்டியிலிருந்து யார் வந்தாலும், அங்கே வேலை எப்படி ஓடுகிறது என்று பொதுவாகக் கேட்பதுபோல விசாரிப்பார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு தடவை சொல்லிவிட நினைத்தேன். முதல் தடவை போனபோது ஆட்கள் இருந்தார்கள், திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் ஆரம்பிக்கும் முன்பே அவர் சொன்னார், “உங்க தலையாட்டல்தான் அக்கா இந்தப் புக்குக்கு முத்திரை. மத்த யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது.” இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

இந்தக் கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை காலை, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, பேட்டரிகளை எல்லாம் பையில் அடுக்கி வைத்தவர் நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தாறு வயசு.

பேரப்பிள்ளைகள் பெற்றவளுக்குத் தனிமை ஏது என்று நீங்கள் கேட்கலாம். மகன் தினமும் போன் போடுகிறான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கிறான். மகளும் அதையேதான் கேட்கிறாள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இது உனக்கு விளங்குகிறதா, உன் பேச்சில் சொல், நீ சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன் என்று என் அறுபத்தெட்டு வயசில் ஒரே ஒரு ஆள்தான் என்னிடம் கேட்டார். இப்போது சந்தை முடிந்து வந்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் ஸ்யாமளா தனியாக இருக்கிறாள். இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சோற்றுப் பாத்திரத்தை மூடுகிற சத்தம் ஒருவருக்கொருவர் கேட்கிறது.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் சொன்னாள். “சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் அக்கா. கிழிக்கறதுக்கு இன்னும் ஒரு தாள் கெடச்சிருக்கும் அவருக்கு.”

சங்கத் தலைவர் தங்கப்பாண்டி அவர்களே, அவர் எழுதியதில் கை வைக்க நமக்கு என்ன தகுதி என்று நேற்று கேட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள். தான் எழுதியதை மாற்றக்கூடாது என்று நினைத்தவரா அவர்? ஒரு சொல்லுக்கு ஒன்பது தாள் கிழித்தவர் இல்லையா? ஓர் எழுத்தும் மாறாமல் அச்சடித்தால் அந்தப் புத்தகத்தில் ஐம்பத்தொரு பக்கம் அவருடையதாக இருக்கும். ஒரு பக்கம் என்னுடைய பொய்யாக இருக்கும். அந்த நாலு வரியில் தப்பு ஒன்றும் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். சரியாக இருப்பது வேறு, விளங்குவது வேறு. அவர் உயிரை விட்டது இரண்டாவதற்குத்தான். இன்னும் எத்தனை மணவறையில் எத்தனை மாமன்மார் புகையாகப் போக வேண்டும்?

ஆகவே திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டாம். கையேட்டை என்னிடமோ ஸ்யாமளாவிடமோ கொடுத்து வையுங்கள்.

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அருண்பாண்டி உட்கார்ந்திருக்கிறார். மாலை வாங்கி வந்து, படத்துக்குப் போடாமல் கையிலேயே வைத்திருக்கிறார். எல்லோரும் கேளுங்கள். அந்தக் கல்யாணத்தில் நடந்தது அவர் தப்பு இல்லை. அவர் உண்மையைச் சொன்னார், அதற்குத் தலைகுனிந்து போனார். நான் பொய் சொன்னேன், எனக்குப் பாராட்டு கிடைத்தது. அருண்பாண்டி, உன் குருவுக்கும் உனக்கும் நடுவில் ஐந்து மாதம் நின்றவள் நான். என்னை மன்னித்துவிடு என்று சொன்னால் தீருகிற காரியம் இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். உன் கேமராவையும் அந்த லென்ஸையும் எடுத்துக்கொண்டு வா. எட்டாவது தாளை நீ எழுது, நான் கேட்கிறேன். விளங்கும்வரை விளங்கவில்லை என்றே சொல்வேன். எத்தனை தாள் ஆனாலும் சரி, யார் முன்னால் என்றாலும் சரி, பேத்தியின் செல்போன் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. அது முடிந்து, ஐம்பத்துமூன்றாம் பக்கத்திலிருந்து மிச்சம் இருக்கிற சொற்களையும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டும். ஸ்டுடியோ திறந்திருக்கும் என்று ஸ்யாமளா சொல்லச் சொன்னாள்.

நம்மை எல்லாம் பேச வைக்க ஆசைப்பட்ட மனிதருக்கு இங்கே ஒரு நிமிஷம் பேசாமல் நின்று மரியாதை செய்யப்போகிறோம். அதற்கு முன்னால் நான் அவரிடம் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் அனந்தநாராயணன் அவர்களே, தம்பி, அந்த முப்பத்தேழாம் பக்கம் எனக்கு வெளங்கல.